தாதியர் படிப்புக்குச் சேவைப் புலமைப்பரிசில்: கையெழுத்து வைக்கமுன் பார்க்க வேண்டியவை

புங்குடுதீவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஒரு சி, இரண்டு எஸ். தாதியாக வரவேண்டும் என்று நிற்கிறாள். அமெரிக்காவில் வைத்திய வசதி குறைந்த இடங்களில் வேலை செய்யச் சம்மதித்தால் படிப்புச் செலவு முழுவதையும் அரசாங்கமே தருமாம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். எங்கள் பிள்ளைக்கு அது கிடைக்குமா? இங்கே அப்படி ஏதும் இருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சி ஸ்கொலர்ஷிப் இருக்கிறது, முதலில் பதிவுக் காசு கட்டுங்கள் என்கிறது. கட்டலாமா?"

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அமெரிக்கத் திட்டம் உண்மையில் இருக்கிறது, ஆனால் இலங்கையில் இருக்கும் உங்கள் மகளால் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதே அடிப்படையில் நடக்கும் ஒன்று, படிப்பை அரசாங்கம் தந்து பதிலுக்குச் சேவையைக் கேட்கும் ஒழுங்கு, இங்கேயே இருக்கிறது. ஒரு சி, இரண்டு எஸ் எடுத்த பிள்ளை முதலில் முயல வேண்டியது அதைத்தான்.

அமெரிக்கத் திட்டத்தின் பெயர் நேர்ஸ் கோர் ஸ்கொலர்ஷிப். அந்நாட்டு மத்திய அரசின் சுகாதார வளங்கள், சேவைகள் நிர்வாகம் அதை நடத்துகிறது. கல்விக் கட்டணம், புத்தகம், சீருடை போன்ற செலவுகளோடு மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும். விண்ணப்பிப்பவர் அமெரிக்கப் பிரஜையாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். படிக்கும் தாதியர் கல்லூரியும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். மாணவர் விசாவில் போனவருக்கு இடமில்லை. ஆகவே "அங்கே போய்ச் சேர்ந்தால் எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது பிழை. நாளைக்குத் திருமணமாகி கிறீன் கார்ட்டோடு போனால் அது வேறு கதை. அப்போது அங்கே ஒரு தாதியர் கல்லூரியில் அனுமதி எடுத்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம்.

அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளை எல்லோரும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. சேவைக்குப் பதிலாகப் பணம் தரும் எந்த ஒழுங்கிலும் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரியும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ பணம் எடுத்தவர் இரண்டு வருடம் முழுநேரச் சேவை செய்ய வேண்டும். மூன்று வருடம் எடுத்தால் மூன்று, நான்கு எடுத்தால் நான்கு. வேலை இடத்தை அரசாங்கம் தேடித் தராது. தட்டுப்பாடுள்ள இடம் என்று அடையாளம் காணப்பட்ட வைத்தியசாலை, கிராமியச் சிகிச்சை நிலையம், பழங்குடியினருக்கான சுகாதார நிலையம் போன்ற ஒன்றில் படித்தவரே வேலை தேடி, அந்த இடத்துக்கு ஒப்புதலும் எடுக்க வேண்டும். ஒப்புதல் எடுக்காமல் செய்த வேலை கணக்கில் சேராது. தவறிய பாடத்தைத் திரும்பப் படித்தால் அதற்குப் பணம் இல்லை. இடையில் விடுப்பு எடுத்தால் அந்தக் காலத்துக்குக் கொடுப்பனவு நிற்கும். உரிமப் பரீட்சையில் சித்தியடையாதவரால் சேவையைத் தொடங்கவே முடியாது. ஒப்பந்தத்தை முறித்தால் வாங்கிய பணம் முழுவதையும் வட்டியோடு மூன்று வருடத்துக்குள் கட்ட வேண்டும். நன்றாகப் படித்துப் பட்டம் எடுத்த பிறகும் இந்த இடங்களில் சறுக்கியவர்கள் கடனாளியாகி நிற்கிறார்கள்.

புங்குடுதீவு ஆட்களுக்கு அமெரிக்காவைவிடக் கனடாவில்தான் சொந்தம் கூட. அதனால் ஒன்ராறியோ மாகாணத்தின் லேர்ன் அண்ட் ஸ்ரே கிராண்ட் பற்றியும் சொல்கிறேன். மாகாணத்தின் வடக்கு, கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளிலுள்ள குறிப்பிட்ட கல்லூரிகளில் தாதியர் படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், புத்தகம் முதலிய நேரடிச் செலவுகளை மாகாணம் பொறுப்பேற்கும். பணம் எடுத்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஆறு மாதம் அந்தப் பகுதியிலேயே வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கிடைத்த உதவி கடனாக மாறிவிடும். இதுவும் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கும்தான். சர்வதேச மாணவர்களுக்கு இல்லை. ஸ்காபரோவில் வீட்டிலிருந்தபடியே ரொறன்ரோவில் படிக்க நினைக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தாது. இன்னொன்றும் உண்டு: கனடா மத்திய அரசின் மாணவர் கடன் எடுத்துப் படித்துவிட்டு, சனத்தொகை 30,000க்கு உட்பட்ட ஊரில் வேலை செய்யும் தாதிக்கு ஐந்து வருடத்தில் 30,000 டொலர் வரை கடன் தள்ளுபடியாகும். உங்கள் அண்ணன் தம்பியின் பிள்ளைகள் அங்கே தாதியர் படிப்பை யோசித்தால் இதைச் சொல்லுங்கள். அங்கே பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டுக்கே இது தெரியாது.

இனி இங்கே உள்ளது. சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருடப் பொதுத் தாதியர் டிப்ளோமா நடக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ஒரு கல்லூரி இருக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. பயிற்சி முடிந்து பரீட்சையும் சித்தியடைந்தால் அரச தாதிய உத்தியோகத்தராக நியமனம். பதிலுக்கு, ஒப்பந்தத்தில் எழுதிய காலத்துக்கு அரச சேவையில் இருக்க வேண்டும், அமைச்சு அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும். இடத்தை அமைச்சே தீர்மானிப்பதால் அமெரிக்காவில்போல வேலை தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஊருக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. முதல் நியமனம் வன்னிக்கோ மாகாணத்துக்கு வெளியேயோ கிடைத்தாலும் போகும் மனத்தோடுதான் விண்ணப்பம் போட வேண்டும். இதை மகளோடு இப்போதே பேசிவிடுங்கள். நியமனக் கடிதம் வந்த பிறகு பேசினால் அந்தப் பேச்சு வீட்டில் சண்டையாகத்தான் முடியும்.

விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது. அமைச்சு அழைக்கும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும்; அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியை இலவசமாகப் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் தளத்திலும் போடுவார்கள். அறிவித்தல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வருட உயர்தரப் பெறுபேற்றை ஏற்கிறார்கள் என்பது. பரீட்சை எழுதிய வருடத்துக்கும் அந்தத் தொகுதியை எடுக்கும் வருடத்துக்கும் இடையில் சில வருட இடைவெளி விழுந்துவிடுகிறது. மகளின் வருடம் இந்த முறை வராவிட்டால் அடுத்த முறை வரும். அந்த நேரத்தில் பிள்ளை வேறு வேலைக்குப் போயிருந்தாலும் அறிவித்தலைப் பார்ப்பதை விடக்கூடாது. இரண்டாவது, மூன்று பாடச் சித்தியும் ஒரே அமர்வில் எடுத்ததா என்பது. மூன்றாவது, சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தாய்மொழி ஆகியவற்றில் என்ன தரம் கேட்கிறார்கள் என்பது. உயர்தரத்தையே யோசித்துக்கொண்டிருந்து சாதாரண தர நிபந்தனையில் தட்டுப்பட்டவர்கள் கனபேர். சாதாரண தரத்தில் ஒரு பாடம் குறைவாக இருந்தால் இப்போதே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்து எழுத வைக்கலாம். அழைப்பு வந்த பிறகு அதற்கு நேரம் இராது. வயதெல்லை, உயரம், உடற்தகுதி ஆகியவற்றையும் அதே அறிவித்தலில் வரிக்கு வரி வாசியுங்கள்.

ஆவணங்களில் நம் பக்கத்துப் பிள்ளைகளைக் கூடுதலாக அலைக்கழிப்பது பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி எழுதியிருக்கும், பரீட்சைச் சான்றிதழில் அது ஆங்கிலத்தில் வேறு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஒன்றில் முழுப் பெயர், மற்றதில் முதலெழுத்து மட்டும். நேர்முகத் தேர்வில் மூலப் பத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இது வெளிவரும். இந்த வாரமே மூன்றையும் மேசையில் விரித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைக்கலாம். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பம் என்றால் வதிவிடச் சான்றிலும் கேள்வி வரலாம். கிராம அலுவலரின் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்கிறதா, திகதி பழசாகிவிடவில்லையா என்று பாருங்கள்.

தெரிவாகிவிட்டால் ஒப்பந்தம் வரும். அங்கேதான் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். சந்தோசத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, வீட்டில் ஒரு பிரதிகூட வைத்திருப்பதில்லை. ஒப்பந்தத்தில் நான்கு விடயத்தைத் தேடிப் பிடியுங்கள்: கட்டாயச் சேவை எத்தனை வருடம், அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பிணை நிற்பவரின் பொறுப்பு எதுவரை. பயிற்சியின் நடுவில் விலகுவதும் நியமனத்துக்குப் பிறகு விலகுவதும் ஒரே கணக்கில் வராது. பிணையாளி கேட்டால், பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் "சும்மா ஒரு கையெழுத்து" என்று போய் நிற்காதீர்கள். பிள்ளை வெளிநாடு போய்விட்டால் கடிதம் அவர் வீட்டுக்குத்தான் வரும். அவருக்கும் பத்திரத்தை வாசிக்கக் கொடுத்து, ஒரு பிரதியும் கொடுங்கள்.

தீவுப் பிள்ளைக்கு இந்த மூன்று வருடத்தில் பாரம் கட்டணத்தில் இல்லை, போக்குவரத்திலும் தங்குமிடத்திலும்தான். புங்குடுதீவிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக பஸ் இருக்கிறது என்றாலும், விடியக் காலை வார்ட்டில் நிற்க வேண்டிய நாளில் முதல் பஸ்ஸை நம்ப முடியாது. பின்னேரக் கடமை முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். நெடுந்தீவுப் பிள்ளைக்குப் படகும் சேர்ந்துவிடுகிறது, கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே கல்லூரி விடுதி கிடைக்குமா என்பதை முதல் நாளே கேளுங்கள். கொடுப்பனவு முதல் மாதமே கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சீருடை, வெள்ளைச் சப்பாத்து, புத்தகம், விடுதிச் சாமான் எல்லாம் கொடுப்பனவு வருவதற்கு முன்னரே வாங்க வேண்டியவை. ஊர்ச் சங்கமோ கோவில் சபையோ உதவ முன்வந்தால் இந்த முதல் சில மாதத்துக்குக் கேளுங்கள். அப்போது கிடைக்கும் சின்னத் தொகைதான் பெரிய உதவி.

மகளின் இசட் புள்ளி இடம் கொடுத்தால் இன்னொரு வழி பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞானங்கள் பீடத்தில் நான்கு வருடத் தாதியியல் சிறப்புப் பட்டம் ஆங்கில மொழியில் நடக்கிறது. அங்கே கட்டணம் இல்லை, மாதாந்தப் பயிற்சிக் கொடுப்பனவும் இல்லை. அதற்குப் பதிலாக மகாபொல அல்லது பேசரி என்ற மாதாந்த அரச உதவித்தொகை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேசரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். கடற்றொழில், தோட்டம் போன்ற நிலையில்லாத வருமானம் உள்ள குடும்பம் என்றால் அதைக் கிராம அலுவலரின் வருமானச் சான்றில் தெளிவாக எழுதுவியுங்கள். கூட்டியும் எழுதக்கூடாது, நம்ப முடியாதபடி குறைத்தும் எழுதக்கூடாது. டிப்ளோமாவில் சேர்ந்தாலும் பட்டத்தின் கதவு மூடிவிடாது. பதிவுபெற்ற தாதியாகி வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கலாம். அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது.

தனியார் நிறுவனங்கள் பற்றியும் கேட்பீர்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்தப் படிப்பை முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் தாதியாகப் பதிய முடியுமா?" எழுத்தில் பதில் தராவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். பராமரிப்பாளர், தாதி உதவியாளர் என்ற பெயரில் நடக்கும் தொழில்சார் சான்றிதழ்கள் அந்தந்த வேலைக்குப் பெறுமதியானவை, மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவும் அவற்றுக்கு இருக்கலாம். ஆனால் அவற்றை எடுத்தவர் தாதியாக முடியாது. ஆறு மாதப் படிப்புக்கு 50 வீதம் ஸ்கொலர்ஷிப் என்று விளம்பரம் போட்டால், அது பெரும்பாலும் ஏற்றி வைத்த கட்டணத்தில் கொடுக்கும் கழிவுதான்.

உங்கள் ஏஜென்சிக்கு வருவோம். உண்மையான சேவைப் புலமைப்பரிசிலில் பணம் மாணவரை நோக்கி வரும், மாணவரிடமிருந்து போகாது. முதல் படியே பதிவுக் காசு என்றால் அங்கேயே நில்லுங்கள். எந்த நாட்டு அரசாங்கத்தின், எந்தத் திணைக்களத்தின் திட்டம் என்று கேளுங்கள். அந்தத் திணைக்களத்தின் தளத்தில் இலங்கைப் பிரஜைக்குத் தகுதி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஜேர்மனியில் மூன்று வருடத் தாதியர் தொழிற்பயிற்சி என்றால், அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது, பயிற்சிக் காலத்தில் மாதம் 1,000 யூரோவுக்கு மேல் சம்பளமும் உண்டு. ஆனால் அது ஒரு வேலை ஒப்பந்தம். ஜேர்மன் மொழியில் பி1 அல்லது பி2 தரம் இல்லாமல் சரிவராது. மொழி வகுப்புக்குக் காசு கட்டுவது வேறு, "இடம் பிடித்துத் தர" காசு கட்டுவது வேறு. வேலைக்கு அனுப்புகிறோம் என்பவர்களிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, பணியகத்திலேயே அதை உறுதிப்படுத்துங்கள்.

இதை வாசிக்கும் வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. தீவுப்பகுதி வைத்தியசாலைகளில் தாதியர் நிலைக்கவில்லை, நாங்களே ஒரு பிள்ளையைப் படிப்பித்து எங்கள் ஊருக்கு விடுவோம் என்ற எண்ணம் அருமையானது. கிராமப்புறத்தில் வளர்ந்தவர்களைச் சேர்த்துப் படிப்பிப்பதையும் சேவை நிபந்தனையோடு உதவித்தொகை கொடுப்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் தன் வழிகாட்டல்களில் பரிந்துரைத்திருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிறகு அதைத் தமிழிலேயே கற்பித்ததற்கும் ஊரோடு இருந்து வைத்தியம் பார்க்கும் ஆட்கள் வேண்டும் என்ற நினைப்பு ஒரு காரணம். ஆனால் "எங்கள் ஊர் வைத்தியசாலையில் ஐந்து வருடம் வேலை செய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அரச தாதியின் இடத்தைத் தீர்மானிப்பது அவரும் இல்லை, சங்கமும் இல்லை. நிறைவேற்ற முடியாத நிபந்தனையை எழுதி, பிறகு பிள்ளையைக் குற்றவாளியாக்கக்கூடாது. தீவுப்பகுதியை முதல் விருப்பமாக எழுத்தில் கேட்க வேண்டும், கிடைத்தால் இத்தனை வருடம் இடமாற்றம் கேட்கக்கூடாது, கிடைக்காவிட்டால் வடக்கில் வசதி குறைந்த வேறு வைத்தியசாலையில் செய்த சேவையும் கணக்கில் சேரும் என்று எழுதுங்கள். நோய், பிரசவம், பெற்றோரின் இறப்பு போன்றவற்றுக்குக் காலநீடிப்பு வைத்திருங்கள். பணத்தைப் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் போடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். வேலைக்கு வந்த பிறகு மூன்றாம் வருடத்தில் தாதி ஊரை விட்டுப் போவதைத் தடுப்பது பெரும்பாலும் ஒப்பந்தம் இல்லை: பூட்டக்கூடிய கதவும் தண்ணீரும் உள்ள ஒரு குவார்ட்டஸ், இரவில் அவசர நோயாளியைக் கடற்படைப் படகில் ஏற்றி அனுப்பும்போது கூட நிற்க இன்னொரு ஆள். சங்கத்திடம் மிச்சப் பணம் இருந்தால் அந்தக் குவார்ட்டஸின் கூரையைத் திருத்திக் கொடுங்கள்.

அக்கா, அறிவித்தல் வரும்வரை மகள் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, மேலே சொன்ன பெயர்ப் பிரச்சினையை முடித்து, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் போட்டு வைப்பது. பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். மற்றது ஆங்கிலம். மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பதிவேடு எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் வருடத்தில் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் பிரதேச செயலகத்தில் இளைஞர்களுக்கான இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். அறிவித்தல் வந்ததும் அதன் தமிழ்ப் பிரதியை எடுத்து அனுப்புங்கள், நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மகளுக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்று எழுதுகிறேன்.